நாலாவது எஞ்சின்

செப்டம்பர் 3
ஓட்டல் அறை

அன்புள்ள ஸ்பானருக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா என்று கேட்கவில்லை. அக்கா அனுப்பிய படத்தில் இரண்டு முகத்திலும் ஒரே வாழைப்பழம் அப்பியிருந்தது, அதுவே போதும்.

நேற்று வீடியோவில் பேசி முடித்ததும் பாப்பா போனைத் திருப்பிப் பின்பக்கம் என்னைத் தேடினாளே, அதற்கப்புறம் எனக்கு எதுவும் இறங்கவில்லை. பந்தய வாரங்களில் இனி வீடியோ வேண்டாம். கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், நீயும் அப்படியே செய். போனில் தட்டினால் நான் எரிந்துதான் விழுகிறேன். பேனா பிடித்தால் கொஞ்சம் மரியாதை வருகிறது.

இன்று ஐந்தாவதாக முடித்தேன். நம் அணியின் இன்னொரு கார், இளவரசர், நாலாவது. (அப்பா பணத்தில் ஓட்டுகிறான் என்று அவனை இன்னும் கேலி செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் நன்றாக ஓட்டுகிறான், அதுதான் வயிற்றெரிச்சல்.) பந்தயம் முடிந்து வியர்வை காய்வதற்குள் முதலாளி கூப்பிட்டார். அடுத்த வருஷம் அணிக்கு ஒரே ஒரு கார்தானாம். எங்கள் இருவரில் புள்ளிக் கணக்கில் யார் மேலே இருக்கிறோமோ அவருக்கு இருக்கை. மற்றவருக்குக் கை குலுக்கல். அவன் இப்போது கொஞ்சம் மேலே இருக்கிறான். பாக்கி மூன்றே பந்தயம்.

என்னுடைய மூன்றாவது எஞ்சின் களைத்துவிட்டதென்று நினைக்கிறேன். நேர்ப்பாதையின் கடைசியில் மூச்சு வாங்குகிறது. மேனேஜர் அடுத்த பந்தயத்திலேயே நாலாவதைப் போட்டுவிடலாம் என்கிறார். டிராக் அகலமானது, கடைசியில் நின்று கிளம்பினாலும் முந்திவிடலாமாம். முடிவை என்னிடம் விட்டிருக்கிறார். எனக்கு மனசில்லை. மூன்றையே ஓட்டிவிடலாமே? எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். இந்த அணியின் எஞ்சின்களை ஆறு வருஷம் கோத்தவன் நீ. கேட்டுச் சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

பாப்பாவுக்கு அந்தக் கடைவாய்ப் பல் வெளியே வந்துவிட்டதா? ஈறைத் தடவிக் கொடு, கடித்தால் பொறுத்துக்கொள்.

உன்,
அவசரம்


செப்டம்பர் 6
வீடு

என் அவசரத்துக்கு,

பல் வந்துவிட்டது. சாட்சிக்கு என் ஆள்காட்டி விரலைப் படமெடுத்து அனுப்பட்டுமா?

உன் அக்கா தினமும் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் பாப்பாவை வைத்துக்கொள்கிறாள். அந்த நேரத்தில்தான் நான் குளிக்கிறேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "ஏன் மாப்பிள்ளை, எஞ்சின் சரியில்லைன்னா மாத்த வேண்டியதுதானே, இதுக்கு என்ன இவ்வளவு யோசனை?" என்றாள். உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். ஒரு காருக்கு வருஷத்துக்கு மூன்று எஞ்சின். மூன்றுக்கும் சீல் வைத்துவிடுவார்கள், திறந்து புதுசாக்க முடியாது. நாலாவது எடுத்தால் அந்தப் பந்தயத்தில் எல்லாருக்கும் பின்னால் கடைசி வரிசையில் நின்று கிளம்ப வேண்டும். அதனால் எப்போது எடுப்பது, எந்த டிராக்கில் எடுப்பது என்பதில்தான் சாமர்த்தியம் என்றேன்.

"புதுசு வாங்கினா தண்டனை, நல்ல சட்டமா இருக்கே. இதையே இந்த வீட்டுக்கும் போடணும். பால் காய்ச்சுறேன்னு இந்த வருஷம் ரெண்டு பாத்திரத்தைக் கருக்கிட்டீங்க. மூணோட சரி. நாலாவது கேட்டு வந்தீங்கன்னா நீங்களும் கடைசி வரிசைதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

சத்தத்தைக் கேட்டேன். மூன்று தாங்கும். நேர்ப்பாதையில் முழுசாக மிதிக்காமல் கொஞ்சம் அடக்கி ஓட்டு. முன்னால் நின்று கிளம்பும் வாய்ப்பு இருக்கும்போது அதை யாராவது தூக்கிக் கொடுப்பார்களா? கையில் இருப்பதை வைத்துச் சமாளி.

சாப்பிடு. பந்தயத்தன்று காலையில் வெறும் காபியோடு போகாதே.

ஸ்பானர்
(தற்சமயம் பால் காய்ச்சும் பிரிவு)


செப்டம்பர் 17
ஓட்டல் அறை

அன்புடையீர்,

மூன்றாவது எஞ்சின் தாங்கும் என்று எழுதியிருந்தீர்கள். தாங்கியது. ஓடத்தான் இல்லை.

நான்காவதாக நின்று கிளம்பினேன். நேர்ப்பாதையில் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். இளவரசர் இந்தப் பந்தயத்தில்தான் நாலாவது எஞ்சினைப் போட்டுக்கொண்டான். கடைசி வரிசையில் நின்று கிளம்பி, பாதிப் பந்தயத்தில் என் பக்கத்தில் வந்து, கையைத் தூக்கி ஒரு வணக்கமும் வைத்துவிட்டுப் போனான். அவன் ஐந்தாவது. நான் ஒன்பதாவது. தண்டனையை வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் இனி இந்த வருஷத்தில் இல்லை. அது போயிற்று.

நீங்கள் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் எஞ்சின்காரரிடம் பந்தயத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன், என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார், தாங்கும் என்கிறார் என்று. அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவரா சொன்னாரு? இங்க இருந்த வரைக்கும் களைச்ச எஞ்சினை ஒரு சுத்து அதிகமா ஓடவிட மாட்டாரேம்மா. மேனேஜரோட கட்டிப் புரளுவாரே" என்றார். அப்போது சிரித்து மழுப்பினேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள்? எனக்குத் தெரிய வேண்டும்.

பாப்பாவுக்கு முத்தம். அது மட்டும் கோபத்தில் சேராது.

இப்படிக்கு


செப்டம்பர் 19
வீடு

என் அவசரத்துக்கு,

நீ "நீங்கள்" போட்டால் எனக்குச் சுடும் என்று தெரிந்தே போட்டிருக்கிறாய். சரி, வாங்கிக்கொண்டேன்.

நீ அனுப்பிய சத்தத்தை ஓட விட்டபோது பாப்பா என் மடியில் இருந்தாள். கார் நேர்ப்பாதையில் வந்ததும் கையைத் தட்டினாள், "அம்மா" என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் அதற்குமேல் எஞ்சினைக் கேட்கவில்லை. அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

இனி எஞ்சின் விஷயத்தை என்னிடம் கேட்காதே. எஞ்சின்காரரைக் கேள், நல்ல காது உள்ளவர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த இருக்கை அவனுக்கே போகட்டும் என்று உனக்குத் தோன்றினால் நான் ஏன் என்று கேட்கமாட்டேன். உலகத்தில் வேறு வேலை இல்லையா? டிரைவிங் சொல்லிக்கொடுக்கலாம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம். பாப்பா போனைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்காது. வா என்று சொல்லவில்லை. வந்தால் கதவு திறந்திருக்கிறது என்கிறேன்.

அவள் இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அதைத் தள்ளியபடியே வீடு முழுக்கச் சுற்றுகிறாள். வளைவில் வேகத்தைக் குறைப்பதில்லை. யாரைக் கொண்டு பிறந்தாளோ!

ஸ்பானர்


அக்டோபர் 8
ஓட்டல் அறை

அன்புள்ள ஸ்பானருக்கு,

மூன்று வாரமாக எழுதவில்லை என்று அக்காவிடம் புலம்பினாயாம். எழுதினேன், கிழித்தேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

முதலில் நல்ல செய்தி. இது நகரத் தெருக்களுக்குள் நடந்த பந்தயம், இரண்டு பக்கமும் சுவர், யாரும் யாரையும் முந்த முடியாது. இங்கே எஞ்சினுக்குப் பெரிய வேலை இல்லை. அதனால் எஞ்சின்காரரும் நானும் பேசி, பயிற்சிக்கு மட்டும் வைத்திருந்த இரண்டாவது எஞ்சினைப் போட்டோம். அந்தக் கிழம் இருமிக்கொண்டே மூன்றாம் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இளவரசர் சுவரில் ஒருமுறை உரசி ஒன்பதாவது. இப்போது அவன் என்னைவிட ஒரே ஒரு புள்ளிதான் மேலே. கடைசிப் பந்தயத்தில் அவனுக்கு முன்னால் முடித்தால் இருக்கை எனக்கு.

கடைசிப் பந்தயம் எந்த டிராக் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வருஷம் முழுக்க அதன் பெயரைச் சொல்லாமலே நாம் இருவரும் குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

நான் சொல்லிவிடுகிறேன். முந்திய வருஷத்துக்கு முந்திய வருஷம், அங்கே, முதல் வளைவில், கூட்டத்துக்கு நடுவில் இருந்தேன். பின்னால் வந்த கார் என் தலைக்கு மேல் ஏறிப் போனது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "தோள் எலும்பு ஆறு வாரத்துல சேர்ந்துடும்மா. இன்னொண்ணு வெளிய வர ஏழு மாசம் ஆகும்" என்றார். அதுவரை எனக்கே தெரியாது. காரில் இரண்டு பேர் இருந்திருக்கிறோம், ஹெல்மெட் ஒன்றுதான் இருந்திருக்கிறது. டயர் கோடு விழுந்த அந்த ஹெல்மெட்டை நீ அலமாரி மேலே பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறாய். நான் பார்க்கவில்லை என்று நினைக்கிறாய்.

இந்த வருஷம் நான் வேகமாக ஓட்டியதெல்லாம் முன்னால் போவதற்கு இல்லை. கூட்டத்துக்குள் போகாமல் இருப்பதற்கு. சனிக்கிழமை தகுதிச் சுற்றில் உயிரைக் கொடுத்து முன்வரிசையைப் பிடிப்பேன், ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் என் முன்னால் நாலைந்து பேருக்குமேல் இருக்கக்கூடாது என்று. அதனால்தான் நாலாவது எஞ்சின் என்றதும் மனசில்லை என்று எழுதினேன். எஞ்சின்காரர் பத்தடி தூரத்தில் நிற்கும்போது, அத்தனை கடல் தாண்டி உன்னிடம் ஏன் கேட்டேன்? நீ என்ன சொல்வாய் என்று தெரிந்துதான் கேட்டேன். நீயும் ஏமாற்றாமல் அதையே சொன்னாய். நல்ல ஜோடி. உன்மேல் "நீங்கள்" போட்டதற்கு எனக்கும் ஒரு "நீங்கள்" போட்டிருக்க வேண்டும்.

இப்போது முடிவைச் சொல்கிறேன். கேட்கவில்லை, சொல்கிறேன். கடைசிப் பந்தயத்தில் நாலாவது எஞ்சினை எடுக்கிறேன். மூன்றும் இரண்டும் அந்த நீண்ட நேர்ப்பாதைக்குத் தாங்காது. கடைசி வரிசையில் நிற்கப் போகிறேன். அதற்குப் பின்னால் வரிசை கிடையாது என்பதால் கியர்பாக்ஸ், பேட்டரி, எதெதற்குத் தண்டனை உண்டோ எல்லாவற்றையும் புதிதாகப் போடச் சொல்லிவிட்டேன். தலைக்கு மேல் போன வெள்ளம், சாண் என்ன முழம் என்ன! மேனேஜர், "இதுதான்மா நம்ம பொண்ணு" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வரலாம் என்று எழுதியிருந்தாய். வருவேன். ஓட்ட வேண்டாம் என்று ஒரு நாள் தோன்றினால் அன்றைக்கே வருவேன். பயந்து வந்தால் அந்த வீட்டில் என்னோடு நீ குப்பை கொட்ட முடியாது, ஸ்பானர். பாப்பாவும் முடியாது.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ என் பந்தயங்களின் தொடக்கத்தைப் பார்ப்பதில்லையாமே? அக்கா சொல்லிவிட்டாள். சிவப்பு விளக்கு வரும்போது, பாப்பாவுக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்று எழுந்து போய்விடுவாயாம். அவள் பாட்டுக்கு வயிறு நிறைந்து விளையாடிக்கொண்டிருப்பாளாம். இரண்டாவது சுற்றில் வந்து, "எத்தனாவது?" என்று கேட்பாயாம்.

இந்தத் தடவை எழுந்து போகாதே. நான் அந்த வளைவுக்குள் போகும்போது நீ வேறு அறையில் இருக்கக்கூடாது.

உன்,
அவசரம்


அக்டோபர் 11
வீடு

என் அவசரத்துக்கு,

உன் அக்காவுக்கு இனி இந்த வீட்டில் காபி கிடையாது.

நாலாவது எஞ்சினை எடு. செப்டம்பரிலேயே நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை, இப்போதாவது என் கையெழுத்தில் இருக்கட்டும்.

புது எஞ்சின் முதல் சில சுற்றுகளுக்கு முரண்டு பிடிக்கும். சூடு ஏறும் வரை அதட்டாதே. அங்கே முதல் வளைவில் எல்லாரும் உட்பக்கம்தான் போய் முட்டிக்கொள்வார்கள். நீ கொஞ்சம் முன்னதாகவே பிரேக் பிடி, வெளிப்பக்கமாக ஓரம் போய்விடு. இரண்டு இடம் போனால் போகட்டும், கடைசி வரிசையில் இழக்க என்ன இருக்கிறது? அதன் பிறகு நேர்ப்பாதை வரும். அங்கே யாரையும் விடாதே.

பார்க்கிறேன் என்று சத்தியம் செய்யமாட்டேன். அன்றைக்கு நான் அணியின் கூடாரத்தில் திரையின் முன்னால் நின்றேன். நீ காருக்குள் இருந்தாய், உனக்கு வானமும் தரையும்தான் தெரிந்திருக்கும். நான் முழுசாகப் பார்த்தேன். உனக்குத் தோள் எலும்பு சேர்ந்துவிட்டது.

முயற்சி செய்கிறேன்.

ஹெல்மெட்டைக் கீழே இறக்கிவிட்டேன். பாப்பா அதற்குள் தன் பொம்மையை உட்கார வைத்திருக்கிறாள். எடுக்கப் போனால் அழுகிறாள்.

ஸ்பானர்


அக்டோபர் 29
விமான நிலையம்

அன்புள்ள ஸ்பானருக்கு,

விமானம் தாமதம். ஓட்டுபவர் இளவரசர் இல்லை போலிருக்கிறது.

முடிவு உனக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் என் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். கடைசியில் கிளம்பி ஆறாவதாக முடித்தேன். அவன் ஏழாவது. ஒரு புள்ளியில் இருக்கை எனக்கு. முதலாளி கையெழுத்து வாங்கிவிட்டார்.

கடைசி வரிசையில் நின்றபோது முன்னால் இருந்தது எல்லாம் முதுகு. அத்தனை காரும் கிளப்பும் சூட்டில் காற்று நெளிகிறது, முதல் வளைவு தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆடுகிறது. பயம் போய்விட்டது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். போகவில்லை. ஒற்றை இருக்கை வண்டி, பயத்துக்குத் தனி இடம் ஏது, மடியில் உட்கார்ந்துகொண்டது. சரி, இருந்துகொள், ஸ்டியரிங்கை மட்டும் தொடாதே என்றேன்.

உட்பக்கம் ஒரு பெரிய இடைவெளி தெரிந்தது, ஸ்பானர். வா வா என்று கூப்பிட்டது. நீ சொல்லியிருந்தாயே, அதற்குள் போகவில்லை. வெளியே ஒதுங்கினேன். அடுத்த நொடி அந்த இடைவெளியில் மூன்று கார்கள் ஒன்றின்மேல் ஒன்று சொருகிக்கொண்டன. யாருக்கும் அடி இல்லை, இறங்கி நின்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் ஓரத்துத் தூசியில் அவர்களைத் தாண்டிப் போய்விட்டேன். வளைவு முடிந்து நேர்ப்பாதை திறந்ததும் நாலாவது எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடியது. இளவரசரை முந்தும்போது நானும் ஒரு வணக்கம் வைத்தேன். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் தூக்கம் வராதே. இறங்கியதும் வந்து கை கொடுத்தான். "அக்கா, அந்த முதல் வளைவுல கண்ணாடியில உங்களைத் தேடினேன். காணலை. முடிஞ்சதுன்னு நினைச்சேன்" என்றான். நல்ல பையன்தான்.

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வருஷம் தண்டனையை எந்த டிராக்கில் வாங்குவது என்று வருஷத் தொடக்கத்திலேயே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும், பயம் வந்தபிறகு பேசக்கூடாது.

நாளை மாலை வீட்டில் இருப்பேன். அதுவரை பொறுக்க முடியவில்லை, ஒரு வரி எழுதி அனுப்பு.

பார்த்தாயா?

உன்,
அவசரம்


அக்டோபர் 29
வீடு

என் அவசரத்துக்கு,

சிவப்பு விளக்கு அணைந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் ஒரு கண் இமைக்கும் நேரம் அப்படியே நின்றாயே, தூங்கிவிட்டாயா? வெளிப்பக்கம் போ என்றேன், அதற்காக டிராக்கை விட்டே இறங்கச் சொன்னேனா? உன் இடது பின்சக்கரம் புல்லில் இருந்தது. அந்த மஞ்சள் கார் உன் மூக்கை உரச இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. இதையெல்லாம் நேரில் பேசிக்கொள்வோம்.

பாப்பா என் மடியில்தான் இருந்தாள். நான் பிடித்த பிடியில் அழுதுவிட்டாள் என்று உன் அக்கா திட்டினாள்.

அடுப்பில் பால் வைத்தது ஞாபகத்துக்கே வரவில்லை. பழக்கதோஷத்தில் வைத்திருக்கிறேன். பொங்கி, வற்றி, கருகி, வீடெல்லாம் புகை. மூன்றாவது பாத்திரமும் போயிற்று. உன் அக்கா அதைத் தூக்கிக் காட்டி வாசலிலேயே தீர்ப்பைப் படித்துவிட்டாள்.

நாளை காலையில் நாலாவது வாங்குகிறேன். தண்டனைக்குத் தயார்.

ஸ்பானர்
(கடைசி வரிசை)